முடுக்கில் விழுந்த பழங்கள்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, தங்கச்சி. நான் எதைச் சொன்னாலும் தலையையும் வாலையும் மாற்றிச் சொல்கிறேன் என்று என் மகள் ரஞ்சனி சொல்லுவாள். அதிலும் இது அவள் பள்ளிக்கூடத்துச் சமாசாரம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கோணம், வேகம் என்று அவள் சொன்னதையெல்லாம் அப்படியே சொல்ல எனக்கு வராது. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சை அடைக்கிறது. எங்கள் தெருவில் சொல்ல முடியாது. நீ சங்கரன்கோவிலில் இறங்கி உன் வழியில் போய்விடுவாய், உன்னிடம் சொன்னால் ஆபத்தில்லை. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடு, காற்று காதுக்குள் போகிறது.

நான் அவளைப் பார்க்கத்தான் போகிறேன். இப்போது என் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டில் இருந்து படிக்கிறாள். பள்ளிக்கூடமும் அங்கேயே மாற்றியாகிவிட்டது. படிக்க அங்கேதான் வசதி. நான் போனால் வா என்பாள், இரு என்பாள், அவ்வளவுதான். பரீட்சை நேரம் அல்லவா, பேச ஏது நேரம்?

எங்கள் ஊர் எலுமிச்சை ஊர். நான் எலுமிச்சை மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறேன். மஞ்சளைத் தனியாக, பச்சையைத் தனியாக, புள்ளி விழுந்ததைத் தனியாகப் போட வேண்டும். வீட்டுக்காரர் கேரளாவில் ஒரு பேக்கரியில் இருக்கிறார், பண்டிகைக்கு வருவார். வீட்டில் நானும் மகளும்தான். ஆம்பளை இல்லாத வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

அவன் பெயர் வெள்ளத்துரை. பெயரில்தான் துரை. குட்டியானை என்கிறார்களே, சின்ன லோடு வண்டி, அது ஒன்று வைத்திருக்கிறான். அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்கு. சந்து என்பார்களே, அதை நாங்கள் முடுக்கு என்போம். இரண்டு வீட்டுக்கும் பொது. நாங்கள் குளிக்கிற மறைப்பு முடுக்கின் கடைசியில் இருக்கிறது. அவன் வண்டியைக் கொண்டுவந்து முடுக்கின் வாயிலேயே நிறுத்துவான். நிறுத்திவிட்டுப் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்துகொள்வான். ரஞ்சனி வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருச்சாய்ந்து உள்ளே போக வேண்டும். அவன் காலை மடக்கமாட்டான்.

நான் மரியாதையாகத்தான் கேட்டேன்.

"அண்ணாச்சி, வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பிள்ள குளிக்கப் போணும்."

"போவட்டும், நானா பிடிச்சு வச்சிருக்கேன்? ஒடுங்கிப் போனா மேலு தேஞ்சிருமோ?"

உள்ளே இருந்து அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் சிரிக்கிறாள். "அவுக வீட்டு ராசகுமாரி பல்லக்குலதான் போவா. விடுங்க, நாளைக்கு வாங்கிக் குடுப்போம்."

இன்னொரு நாள் நான் சத்தம் போட்டேன். அதற்கு, "ஏட்டி, ஆம்பள இல்லாத வீட்டுக்கு இம்புட்டு வாயா?" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டான். குடித்திருந்தான். கதவை ஓர் உதை உதைத்தான். தாழ்ப்பாள் கோணிக்கொண்டது. தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். 'பக்கத்து வீடு, அனுசரிச்சுப் போங்க' என்றார்கள். வீட்டுக்காரரும் போனில் அதையேதான் சொன்னார். எதை அனுசரிப்பது? அவன் அந்தப் பலகையில் உட்கார்ந்து என் மகளைப் பார்க்கிற பார்வையையா?

சரி, கதைக்கு வருகிறேன். பார்த்தாயா, முதலிலேயே எங்கேயோ போய்விட்டேன்.

ரஞ்சனி பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ஆளுக்கு ஒன்று செய்ய வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எரிமலை, சூரியக் குடும்பம் என்று தெர்மோகோலை வெட்டிக்கொண்டிருக்க, இவள் எறிபொருளை எடுத்துக்கொண்டாள். எறிபொருள் என்றால் வேறொன்றும் இல்லை, நாம் விட்டெறிகிற சாமான்தான். எப்படிச் சாய்த்து எறிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமாம். இதற்கு ஒரு படிப்பா என்று கேட்டேன். "அம்மா, நீ ஒண்ணும் சொல்லாத, பழைய பெஞ்சுக் காலு எங்க கிடக்கு?" என்றாள்.

பெஞ்சுக் கால் இரண்டை நிறுத்தி, நடுவில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டாள். அதில் என் குழம்புக் கரண்டியைக் கட்டினாள். நல்ல நீளக் காம்புக் கரண்டி, அம்மா வீட்டுச் சீதனம், போனது போனதுதான். சைக்கிள் டியூபைக் கிழித்து ரப்பர். பக்கத்தில் அட்டையில் பெரிய கோணமானி வரைந்து ஒட்டினாள். கரண்டியில் சாமானை வைத்து, பின்னால் இழுத்து விட்டால், பறக்கும்.

எதை வைப்பது என்பதுதான் பெரிய பாடு. கோலியை வைத்தாள், எங்கே போனது என்றே தெரியவில்லை. காகிதத்தைச் சுருட்டி வைத்தாள், காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. களிமண் உருண்டை காய்ந்ததும் கரண்டியிலேயே உடைந்தது. கடைசியில், "அம்மா, மண்டியில இருந்து ஒரே அளவாப் பழம் கொண்டு வாயேன்" என்றாள். புள்ளிப் பழத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் நேராக, நீளமாக இருக்கிற இடம் அந்த முடுக்கு ஒன்றுதான். அவன் தோட்டங்களுக்கு லோடு எடுக்கப் போகிற சாயங்கால நேரத்தில் மெஷினைத் தூக்கிவந்து முடுக்கில் வைப்போம். பழம் விழுகிற இடம் தெரிய வேண்டும் அல்லவா? டீச்சர் சாக்பீஸ் தூளில் தோய்க்கச் சொல்லியிருந்தாள். அந்தச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியவே இல்லை. சாம்பல் வைத்துப் பார்த்தோம், அதுவும் தெரியவில்லை. அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலங்கள் அலமாரி நிறைய கிடந்தன. நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிப் பார் என்றேன். தடவினாள். விழுந்த இடத்தில் இரத்தப் பொட்டு மாதிரி பளிச்சென்று பதிந்தது. "அம்மா, நீ படிச்சிருந்தா எங்கயோ போயிருப்ப" என்றாள். அவள் வாயால் என்னைப் புகழ்ந்தது அது ஒன்றுதான்.

கோணத்தை நாற்பத்தைந்தில் வைத்தால்தான் அதிக தூரம் போகும். அது போய் வாறுகாலில் விழும், சாக்கடையில். ஆனால் ஆச்சரியம் அது இல்லை. முப்பதில் வைத்தாலும், அறுபதில் வைத்தாலும் பழம் ஒரே இடத்தில் விழுந்தது. ஒன்று தாழப் போகிறது, ஒன்று ஓட்டுக்கு மேலே எகிறிப் போகிறது, இரண்டும் ஒரே இடம். "எப்படிட்டி?" என்றேன்.

"அறுபதுல ரொம்ப நேரம் மேலயே நிக்கும்மா, ஆனா முன்னால மெதுவாத்தான் போவும். முப்பதுல விரசாப் போவும், ஆனா சீக்கிரம் விழுந்துரும். ரெண்டும் சரியாப் போயிருது."

சரியாகத்தான் சொல்கிறேன் என்று நினைக்கிறேன். அந்த ஒரே இடம் எது தெரியுமா? முடுக்கைப் பார்த்த தங்கபுஷ்பத்தின் பின்வாசல்.

முதல் நாள் விழுந்து உடைந்த பழங்களை ரஞ்சனி பொறுக்கப் போனாள். நான்தான் கிடக்கட்டும் என்றேன். முடுக்கு பூராவும் தங்கபுஷ்பத்தின் ஆட்டுப் புழுக்கை கிடக்கவில்லையா? அதை யார் பெருக்கினார்கள்? எங்கள் ஊரில் எலுமிச்சம்பழம் தெருவில் உருண்டால் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் எண்ணெயும் குங்குமமும் தடவிய பழம் வாசலில் கிடந்தால்? சத்தியமாக எனக்கு அது அப்போது தோன்றவில்லை. காலையில் தங்கபுஷ்பம் போட்ட கூச்சலில்தான் தோன்றியது.

"எந்தச் சிறுக்கிவுள்ள வச்சா இத? எவ வச்சா? என் குடியக் கெடுக்க வந்தவ நாசமாப் போவா!"

ரஞ்சனி பல் விளக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, போயிச் சொல்லிருவோம்மா, நம்ம பழம்னு" என்றாள். "இவ்வளவு ஏச்சு ஏசுறவகிட்டப் போய்ச் சொல்லணுமாக்கும், பேசாம இரு" என்றேன். மறுநாளும் அதே இடத்தில் விழுந்தது. அதற்கு மறுநாளும். கணக்கு சரியாக வருகிறதா என்று பல தரம் பார்த்தால்தான் டீச்சர் ஒத்துக்கொள்வாளாம், பிள்ளை என்ன செய்யும்? தப்பாமல் ஒரே இடத்தில் விழுகிறதே, அதுதான் அவர்களைக் கலக்கிவிட்டது. கோடாங்கியை அழைத்து வந்து குறி கேட்டார்கள். அவன் உடுக்கை அடித்துவிட்டு, பக்கத்து வாசல், ஒரு பொம்பளை, வாய்க்காரி என்றானாம். செய்வினை என்றானாம். எங்கள் தெருவில் எல்லாப் பொம்பளையும் வாய்க்காரிதான். என் பெயரை ஏன் எடுத்துக்கொண்டார்கள்?

வெள்ளத்துரை முதலில் பயப்படவில்லை. "எலுமிச்சங்காய்க்குப் பயந்தவனாட்டி நான்?" என்று என் வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு பழத்தைக் காலால் மிதித்து நசுக்கினான். அந்த வாரமே, வண்டியில் மூட்டை அடுக்கும்போது மேலேயிருந்து விழுந்து கால் முறிந்தது. குடித்துவிட்டுத்தான் ஏறினான் என்று மண்டி ஆட்களே சொன்னார்கள். ஆனாலும் தங்கச்சி, அறுபதில் வைத்து விட்ட பழத்தை மிதித்த கால்தான் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு தெருவைப் பார்க்க வேண்டுமே. குட்டியானை ரோட்டு ஓரத்துக்குப் போய்விட்டது. "யக்கா, வண்டி இடைஞ்சலா இருந்துச்சாமே, எடுக்கச் சொல்லிட்டேன்" என்று தங்கபுஷ்பம் சுவரோரம் நின்று சொல்கிறாள். சிறுக்கிவுள்ள என்று ஏசிய வாய், யக்கா என்கிறது. குழாயடியில் நான் குடத்தோடு போனால், "நீங்க பிடிங்க மதினி, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று விலகுகிறார்கள். முடுக்கு காலியாக, துடைத்த மாதிரி கிடந்தது. ரஞ்சனி கையை வீசிக்கொண்டு குளிக்கப் போய் வந்தாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. ரஞ்சனி கணக்கை முடித்த பிறகும் ஒன்றிரண்டு பழம் அங்கே விழுந்திருக்கலாம். ரப்பர் இறுகிவிடக் கூடாது என்று நான்தான் இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான்.

பிரச்சினை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அங்கேயும் படிக்கிறார்களே. ஒருநாள் இவள் சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். "என்கூட ஒருத்தியும் உக்கார மாட்டேங்கா. என் பேனாவைத் தொட்டுட்டுப் போயி கை கழுவுதாம்மா" என்று அழுதாள். அழுதவள் என்னிடம் சொன்னதோடு விட்டாளா? அறிவியல் சொல்லிக்கொடுக்கிற எஸ்தர் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அந்த டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்ன வயசு. சிரித்த முகம். தெரு எப்படிப்பட்டது என்று தெரியாது.

"நீங்க கவலையே படாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெருவுல எல்லாரையும் கூப்பிட்டு, இந்த முடுக்குலயே செஞ்சு காட்டிருவோம். இது அறிவியல்னு தெரிஞ்சா அவங்க பயம் போயிரும்."

பயம் போய்விடும் என்று எனக்கே சொல்கிறாள். அதுதானே என் பயம்! வாய் வரைக்கும் வந்தது. டீச்சரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? காப்பி குடிங்க என்றேன்.

அன்றைக்கே சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளத்துரை பேசுவது கேட்டது. மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடக்கிறவன், குரல் மட்டும் குறையவில்லை. "அந்த டீச்சர் சொல்றது மட்டும் நெசமா இருக்கட்டும்ட்டி. சின்னப் பிள்ள விளையாட்டுக்கா நான் வண்டிய எடுத்தேன்? கட்டப் பிரிச்ச மறுநா ஆத்தாளையும் மகளையும் இந்த முடுக்குலயே ஓட விடுதேன் பாரு." அவன் செய்வான். கதவை உதைத்தவன் அல்லவா?

ரஞ்சனியிடம் கெஞ்சினேன்.

"வேண்டாம்ட்டி. கண்காட்சிக்கு வேணா கொண்டு போ. தெருவுல காட்ட வேண்டாம்."

"ஏம்மா? சூனியக்காரின்னு பேரு வாங்கணுமா உனக்கு?"

"வாங்குனா என்ன? சோத்துல மண்ணா விழுந்துச்சு?"

"எனக்கு விழுந்துச்சு."

"இப்பக் குளிக்கப் போறியே, எவனாவது அங்கன உக்காந்திருக்கானா? சொல்லு."

கரண்டிக் காம்பைத் துணியால் துடைத்தாள். அப்புறம், "அம்மா, நான் எத்தன நாளு உக்காந்து இதச் செஞ்சேன். இது பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான் செஞ்சது. அத நான் சொல்ல வேண்டாமா?" என்றாள். பிடிவாதம், அப்படியே அவள் அப்பா மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்துவிட்டது. முடுக்கின் அந்தக் கோடியில் சுவரோரமாக நின்றார்கள். வெள்ளத்துரையை மட்டும் முடுக்கின் பாதியில், சுவரை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முறிந்த காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார்கள். தங்கபுஷ்பம் அவன் பின்னால் நின்றாள். டீச்சர் பின்வாசலில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். "முப்பது டிகிரிலயும் அறுபது டிகிரிலயும் பழம் இந்த வட்டத்துக்குள்ளதான் விழும். யாரு விட்டாலும் விழும். இதுல மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல" என்றாள்.

ரஞ்சனி ரப்பரைப் பிடித்து இழுக்க வேண்டும், நான் கரண்டியில் பழத்தை வைக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வோம். முப்பதில் முதல் பழம் போனது. வட்டத்துக்குள் விழுந்தது. "அட" என்றார்கள். இரண்டாவது பழமும் வட்டத்துக்குள். யாரோ சிரித்தார்கள். "இவ்வளவுதானா? இதுக்கா கோடாங்கியக் கூப்பிட்டீரு?" என்று வெள்ளத்துரையை ஒருவன் கேலி செய்தான். வெள்ளத்துரை சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் என் மகளைப் பார்த்தான். மேலும் கீழும், பழைய பார்வை.

ரஞ்சனி கோணத்தை அறுபதுக்கு மாற்றினாள். "வைம்மா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த பழத்தை எடுத்து வைத்தேன். அதைக் காலையிலேயே தயார் செய்திருந்தேன். துருப்பிடித்த குட்டை ஆணிகளை அதன் வயிற்றில் குத்தி, தலை தெரியாமல் உள்ளே அழுத்தி, மேலே குங்குமத்தைத் தாராளமாகத் தடவியிருந்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய்? கனத்தால் அது அவ்வளவு தூரம் போகாது என்பது எனக்கும் தெரியும்.

பழம் எழும்பியது. எல்லாத் தலையும் மேலே பார்த்தது. அது வட்டத்துக்குப் போகவில்லை. பாதியிலேயே இறங்கி, வெள்ளத்துரையின் நாற்காலிக்கு முன்னால் தரையில் அடித்து இரண்டாகப் பிளந்தது. சாறும் குங்குமமுமாக ஆணிகள் சிதறின.

தங்கபுஷ்பம் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்டூல் கவிழ்ந்தது. மாவுக்கட்டுக் காலோடு அவன் எழுந்து நின்றுவிட்டான் என்றால் பார்த்துக்கொள். கூட்டம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. எஸ்தர் டீச்சர் ஓர் ஆணியை எடுக்கக் குனிந்தாள், இரண்டு பொம்பளைகள் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். ரஞ்சனி கோணமானியைத்தான் பார்த்தாள். "கோணம் சரியாத்தான டீச்சர் இருக்கு, சரியாத்தான இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த ஆணியை யாரு குத்துனது? மறைக்காம சொல்லுங்க. யாரு?"

எல்லோரும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் யோசித்தேன். நான் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் மண்டியில் கிடக்கிறவள். எனக்கு அவன் பயந்து என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வீட்டில் தனியாக இருப்பவள் அவள். அந்த முடுக்கில் வாளியோடு போகிறவள் அவள். வீட்டுக்காரரோ கேரளாவில். வேறு யார் இருக்கிறார்கள் எங்களுக்கு?

அவள் தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றேன், கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி. "இதச் செஞ்சது அவ. கணக்குப் போட்டது அவ. பழம் எந்த வாசல்ல விழணும்னு சொல்றது அவ. நான் எடுத்துக் குடுக்கிறதோட சரி. நானே அவளுக்குப் பயந்துகிட்டுத்தான் அந்த வீட்டுல இருக்கேன்."

சொல்லிவிட்டு, தெரு மொத்தமும் பார்க்க, என் மகளைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.